காது கொடுப்பதும் காது காப்பதும்

பரிந்துரை என்ற சொல்லை நாம் இப்போது பெரும்பாலும் அலுவலகக் காகிதங்களில்தான் பார்க்கிறோம். வேலைக்குப் பரிந்துரை, கடனுக்குப் பரிந்துரை, கல்லூரியில் இடத்துக்குப் பரிந்துரை. அந்தச் சொல்லைக் காகிதத்திலிருந்து வெளியே எடுத்துச் சற்றுப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இரண்டு சொற்கள் கைகோத்து நிற்கின்றன. ஒன்று, பரிதல், மற்றொன்று, உரைத்தல். யார்மீதோ பரிவு கொண்டு அதன் காரணமாக ஒன்றைச் சொல்வதுதான் பரிந்துரை. ஆனால் 'இந்தப் புத்தகத்தைப் படி', 'இந்தப் பாட்டைக் கேள்' என்று நாம் தினமும் பத்துப் பேரிடம் சொல்கிறோமே, அப்போது நம் பரிவு எதன்மேல் இருக்கிறது? அந்தப் பாட்டின் மேலா, கேட்கப் போகிற மனிதர் மேலா? பல சமயங்களில் இரண்டின் மேலும் இல்லை. நம்முடைய ருசியின் மேல்தான்.

'இதைக் கேள்' என்று சொல்கிறவனுக்கு, கேட்கப் போகிற காதின்மேல் ஏதேனும் பொறுப்பு உண்டா? இதுதான் என்னுடைய கேள்வி. விளையாட்டுக் கேள்வி போலத் தோன்றும். இதை நான் யோசிக்கத் தொடங்கியது ஒரு விசித்திரமான சங்கீதத்தின் வழியாக.

எங்கள் மதுக்கரையில், இரண்டு வீடு தள்ளி ஒரு பையன் இருக்கிறான். கோயமுத்தூரில் பம்புசெட்டுப் பட்டறை ஒன்றில் லேத்து வேலை. உறவு ஒன்றும் இல்லை. இந்தப் பக்கத்து வழக்கப்படி என்னை மாமா என்று கூப்பிடுவான். அவன் ரசிப்பது டூம் மெட்டல் என்னும் சங்கீதம். டூம் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தவிர்க்க முடியாத கேடு, விதி கொண்டுவரும் முடிவு என்றெல்லாம் பொருள். தமிழில் ஒரே சொல்லில் சொல்வதானால் 'ஊழ்' என்று சொல்லலாம். ராக் சங்கீதத்தில் மிகவும் மெதுவாக நடக்கிற, மிகவும் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கிற, பெரும்பாலும் சாவையும் துக்கத்தையும் மனச்சோர்வையும் பாடுகிற ஒரு கிளை அது. கிட்டாரில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அந்த ஒலி தேய்ந்து கரைகிறவரை அடுத்த தட்டுக்கு அவசரப்படாத சங்கீதம். நேரில் கேட்டால் மிகவும் உரத்தது. பெங்களூரில் இதற்கென்று குழுக்கள் தோன்றியிருக்கின்றன. பேவர் ஸீ என்ற குழு 2012-இல் தன் பெயரிலேயே ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. இந்த மாதிரிக் கச்சேரி நடக்கிறது என்று தெரிந்தால், பையன் ராத்திரி வண்டி பிடித்துப் பெங்களூர் போய்விட்டு மறுநாள் காலையில் வேலைக்கு வந்து நிற்பான்.

இந்தச் சங்கீதத்தின் பிறப்புக் கதை எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும். பிறகு நானாகவும் படித்துச் சரிபார்த்துக்கொண்டேன். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்பது நம் கோயமுத்தூரைப் போல ஒரு தொழில் நகரம். அங்கே டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன் தகடு வேலை செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருந்தான். கிட்டார் வாசிப்பான். ஒரு குழுவோடு வெளிநாடு போக இருந்ததால் வேலையை விட்டுவிட முடிவு செய்தான். அதுதான் வேலையில் கடைசி நாள். அன்றைக்கு இயந்திரம் அவனுடைய வலது கையில் இரண்டு விரல்களின் நுனியை எடுத்துக்கொண்டது. அவன் இடது கைப் பழக்கம் உள்ளவன். கிட்டாரில் தந்திகளை அழுத்த வேண்டிய கை அந்த வலது கைதான்.

வீட்டில் மனம் உடைந்து கிடந்த பையனைப் பார்க்க அவனுடைய மேஸ்திரி ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்தார். 'இதைக் கேள்' என்றார். கேட்கிற நிலையில் இல்லை என்று பையன் மறுத்தான். அவர் விடவில்லை. கேட்ட பிறகு விஷயத்தைச் சொன்னார். அதை வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார்க் கலைஞர். 1928-இல் ஒரு தீவிபத்தில் இடது கையில் இரண்டு விரல்கள் முடங்கிப்போனவர். மீதமுள்ள விரல்களைக் கொண்டு வாசித்ததுதான் இது என்றார்.

அந்தப் பையன் எழுந்து உட்கார்ந்தான். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல்களுக்கு உறை செய்து, அதன்மேல் தோல் ஒட்டி மாட்டிக்கொண்டான். தந்தியின் இறுக்கம் விரலை வருத்தாமல் இருக்க மெல்லிய தந்திகளைக் கட்டினான். பிறகு 1971-ஆம் வருஷத்து இசைத்தட்டில் கிட்டாரின் சுருதியையே மூன்று அரைச் சுரம் தாழ்த்தினான். அவனும் மூன்று நண்பர்களும் சேர்ந்த பிளாக் ஸாபத் என்ற குழுவின் முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரி 13-இல் வந்தது. டூம் மெட்டல்காரர்கள் எல்லோரும் அதைத்தான் தங்கள் மூலஸ்தானமாகச் சொல்கிறார்கள். அந்தக் குழுவின் கடைசிக் கச்சேரி 2025 ஜூலை 5-இல் அதே பர்மிங்ஹாமில் நடந்தது. பதினேழு நாள் கழித்து அதன் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் காலமானார்.

இந்தக் கதையில் என்னைத் தொட்டவை இரண்டு. அந்த மேஸ்திரி முதலில் பையனுடைய கையைப் பார்த்தார். பிறகுதான் இசைத்தட்டைத் தேர்ந்தெடுத்தார். அதைத்தான் பரிந்துரை என்று சொல்ல வேண்டும். மற்றொன்று அந்த விரல் உறை. உறை மாட்டிக்கொண்டு வாசிப்பது உண்மையான வாசிப்பாகுமா என்று அந்தப் பையன் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. வாசிக்க வேண்டும் என்று நினைத்தான், அதற்கு விரலைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, காப்பாற்றினான். இந்தச் சங்கீதம் பிறக்கும்போதே கவசத்தோடு பிறந்திருக்கிறது.

துக்கத்தை இப்படி உரக்கவும் மெதுவாகவும் பாடுவானேன் என்று சிலர் கேட்கலாம். கொங்கு நாட்டில் பிறந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். இங்கே அண்ணன்மார் கதையை உடுக்கடித்துக்கொண்டு இரவு இரவாகப் பாடியிருக்கிறார்கள். 1965-இல் பிரெண்டா பெக் என்ற ஆராய்ச்சியாளர் காங்கேயம் பக்கம் தங்கி, அந்தக் கதையைப் பல இரவுகள் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிவு செய்தார். பொன்னரும் சங்கரும் மாண்ட இடத்தைப் படுகளம் என்று நடத்துகிறோம். பறையும் உடுக்கையும் அதிர, அருள் வந்தவர்கள் பிணம் போல விழுந்து கிடக்கிறார்கள். தங்கை வந்து அழுது எழுப்பிய பிறகுதான் எழுகிறார்கள். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகைக்கு அடுத்தபடி அழுகையை வைத்தார். துக்கத்தைக் கூட்டமாக உட்கார்ந்து கேட்பது நமக்குப் புதிதல்ல.

பையன் எனக்குச் சிபாரிசு செய்த வரிசையைச் சொல்கிறேன். முதலில் பிளாக் ஸாபத்தின் 1970-ஆம் வருஷத்துத் தட்டு. அடுத்து, 1986-இல் ஸ்வீடன் நாட்டுக் கேண்டில்மாஸ் குழு வெளியிட்ட தட்டு. அதன் லத்தீன் சாயல் கொண்ட பெயரிலிருந்துதான் இந்தச் சங்கீத வகைக்கே பெயர் நிலைத்தது என்று பலர் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு பெங்களூர்க் குழு. கடைசியாக, அமெரிக்காவின் பெல் விட்ச் என்ற குழு 2017-இல் வெளியிட்ட 'மிரர் ரீப்பர்'. அது 83 நிமிஷம் ஓடும் ஒரே பாட்டு. அந்தக் குழுவில் முன்பு முரசு வாசித்த நண்பர் 2016-இல் இறந்துபோனார். அவருக்கான இரங்கல் அது. அவர் உயிரோடு இருந்தபோது பாடிப் பதிவாகியிருந்த குரலும் பாட்டின் நடுவே வருகிறது.

இந்தக் கடைசிப் பாட்டைத் தருவதற்கு முன்னால் பையன் கொஞ்சம் தயங்கினான்.

"தப்பா நெனைக்காதீங்க மாமா. ஊட்டுல சமீபத்துல ஏதாச்சும் துக்கமுங்களா?" என்று கேட்டான்.

"ஒன்றும் இல்லையப்பா. ஏன் கேட்கிறாய்?"

"அப்படீன்னா சரிங்க. துக்கம் இருக்கற ஊட்டுல மொதல் தடவையே இதைக் குடுக்க மனசு வர்றதில்லைங்க. அப்புறம், சத்தத்தைப் பாதிக்கு மேலே வெக்காதீங்க."

புத்தகம் எழுதிப் பிழைக்கிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். தன் புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போது, 'உங்கள் வீட்டில் துக்கம் ஏதாவது உண்டா?' என்று கேட்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அவன் பெங்களூர் புறப்படும்போது சட்டைப் பையில் ஒரு சின்ன டப்பா இருக்கும். உள்ளே இரண்டு ஜோடிக் காதடைப்பான்கள். இரண்டாவது ஜோடி எதற்கு என்று கேட்டேன். "பக்கத்துல நிக்கறவனுக்குங்க. புதுசா வர்றவன் கொண்டுக்கிட்டு வரமாட்டான்" என்றான். முகம் தெரியாத ஒருவனுக்காகக் காதடைப்பான் வாங்கி வைத்திருக்கிற மனசை என்னவென்று சொல்வது!

காதைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உட்காதில் நத்தைக் கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் நாம் பிறக்கும்போது ஏறக்குறைய 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. ஒலி வரும்போது அவற்றின் நுண்ணிய மயிர்கள் அசைகின்றன. அந்த அசைவுதான் மூளைக்குச் செய்தியாகப் போகிறது. ஒலி மிகுந்தால் காற்றில் சாயும் பயிரைப் போல அவை தளர்கின்றன. இரவு ஓய்வு கொடுத்தால் ஓரளவு நிமிர்ந்துவிடும். திரும்பத் திரும்பச் சாய்த்தால் செத்துப்போகும். கோழிக்கு அந்த அணுக்கள் மறுபடி முளைக்கின்றன; மனிதனுக்கு முளைப்பதில்லை. கச்சேரி முடிந்து வந்த பிறகும் காதில் 'ஙொய்' என்று ஓர் இரைச்சல் நின்றால், அது காது கொடுக்கும் எச்சரிக்கை. சிலருக்கு அந்த இரைச்சல் ஆயுள் முழுவதும் நிற்பதில்லை. காதோடு குடியேறிவிட்டவர்களும் உண்டு.

ஒலியை அளக்கும் டெசிபல் கணக்கு, கந்துவட்டிக் கணக்கைவிடக் கடுமையானது. மூன்று டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. ஆகவே தாங்கும் நேரம் பாதியாகிறது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் வகுத்த அளவுப்படி, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். 88-இல் 4 மணி. 91-இல் 2 மணி. 94-இல் 1 மணி. 97-இல் அரை மணி. 100-இல் கால் மணி மட்டும். மேலே சொன்ன 83 நிமிஷ இரங்கல் பாட்டை 100 டெசிபலில் கேட்டால், ஐந்தில் ஒரு பங்கு முடியும் முன்பே காதின் அன்றைய பங்கு தீர்ந்துவிடும். 15 டெசிபல் தணிக்கிற அடைப்பானை ஒழுங்காக வைத்துக்கொண்டால் அதே கச்சேரி 85-க்கு இறங்கிவிடுகிறது. கால் மணி 8 மணியாகிறது. பஞ்சைத் திணித்துக்கொண்டால் அவ்வளவு பயன் இல்லை. நுரையால் செய்த அடைப்பானை விரலால் உருட்டி ஒல்லியாக்கி, மற்றொரு கையால் காது மடலை மேலே பின்பக்கமாக இழுத்துப் பிடித்து உள்ளே செலுத்தி, அது விரிந்து நிறைகிறவரை விரலை எடுக்காமல் இருக்க வேண்டும். அரைகுறையாக வைத்தால் வைக்காத மாதிரிதான். உலக சுகாதார நிறுவனமும் 2022-இல் ஒரு நெறி வகுத்தது. கச்சேரி அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது. காதடைப்பான் கிடைக்கச் செய்ய வேண்டும். ஒதுங்கிக் காதாற அமைதியான ஓர் இடம் இருக்க வேண்டும் என்கிறது அது.

இதைக் கேட்டதும் என் நண்பர் ஒருவர் சிரித்தார். "காசு கொடுத்துக் கச்சேரிக்குப் போய், காதை அடைத்துக்கொண்டு உட்காருவதா? இதைவிட வீட்டிலேயே இருக்கலாமே! பற்று என்றால் முழுசாக இருக்க வேண்டும் ஐயா!" என்றார்.

அவர் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நுரை அடைப்பான் உச்ச ஒலிகளை அதிகமாக மங்கச் செய்யும். தாளத்தின் கூர்மை குறையும். எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் தணிக்கும் அடைப்பான்கள் 1980-களின் கடைசியிலிருந்து கிடைக்கின்றன. அவற்றுக்கு விலை கூடுதல். ஆனால் இந்தச் சங்கீதத்தின் ஆழ்ந்த ஒலி காது வழியாக மட்டும் வருவதில்லை. தரை வழியாக வருகிறது, நெஞ்செலும்பு வழியாக வருகிறது. காதை அடைத்தவனும் உடம்பால் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறான்.

பற்று முழுசாக இருக்க வேண்டும் என்பது வேறு. பற்று உள்ளவன் முழுசாக அழிய வேண்டும் என்பது வேறு. பண்ணாரியில் பங்குனி மாதம் குண்டம் இறங்குகிறார்கள். அதைவிடப் பற்று வேண்டுமா? அங்கேயும் நோன்பிருந்து வருகிறார்கள், குண்டத்தைத் தட்டிச் சமன் செய்கிறார்கள், தீயணைப்பு வண்டி ஒரு பக்கம் நிற்கிறது. அந்த வண்டியைப் பார்த்து யாருடைய பக்தியும் குறைந்துவிடவில்லை. நாற்பது வயதுக்கு மேலும் அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன்தான் இருபது வயதில் காதைக் காப்பாற்றுவான். அவனுடைய பற்றுக்கு ஆயுள் அதிகம்.

நண்பரின் கேள்வியைவிடக் கனமான கேள்வி ஒன்று இருக்கிறது. வயது வந்த மனிதன் தன் காதை என்ன செய்துகொள்கிறான் என்பது அவன் பாடு அல்லவா? சிபாரிசு செய்கிறவன் எதற்காகக் காவற்காரன் ஆக வேண்டும்? இப்படி ஒவ்வொருவர் மனசையும் காதையும் பார்த்துக்கொண்டிருந்தால், கடைசியில் எல்லோருக்கும் தாலாட்டைத் தவிர வேறு ஒன்றும் கொடுக்க முடியாதே!

தடுப்பது வேறு, கூட வருவது வேறு என்பதுதான் இதற்கு நான் கண்ட பதில். பையன் எனக்கு அந்தப் பாட்டைத் தராமல் இருக்கவில்லை. கேட்டான், தெரிந்துகொண்டான், கொடுத்தான். இந்தப் பொறுப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தால், அறிவின் ஏற்றத் தாழ்விலிருந்து வருகிறது என்று தோன்றுகிறது. சிபாரிசு செய்கிறவன் அந்தப் பாட்டை ஏற்கெனவே கேட்டவன். அது எங்கே கிழிக்கும், எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்று அவனுக்குத் தெரியும். கேட்கப் போகிறவனுக்குத் தெரியாது; கேட்டு முடிக்கிறவரை தெரியவும் முடியாது. அந்த நேரம் மட்டும் ஒருவன் பார்வையுள்ளவன், மற்றவன் இருட்டில் நடக்கிறவன். முன்னால் போனவன் 'இங்கே ஒரு படி இருக்கிறது' என்று சொல்வதற்குக் காவற்காரனாக இருக்க வேண்டியதில்லை; மனிதனாக இருந்தால் போதும். சொன்ன பிறகும் நான் குமிழைக் கடைசிவரை திருப்பினால் அது என் பாடு. பையன் கணக்கு தீர்ந்துவிட்டது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் ஊரைச் சுற்றிப் பார்த்தால் மனசு சங்கடப்படுகிறது. மதுக்கரையில் 1934-இல் சிமெண்டு ஆலை வந்தது. கோயமுத்தூரைச் சுற்றி நூற்பாலைகள், பல்லடம் சோமனூர்ப் பக்கம் விசைத்தறிகள். தறிக்கூடத்தின் இரைச்சல் 90 டெசிபலுக்கு மேல் போவது சாதாரணம். என் தாய்மாமன் ஒருவர் ஓர் ஆலையின் நெசவுப் பகுதியில் முப்பது வருஷம் வேலை பார்த்தார். ஓய்வு பெற்ற பிறகு, "சத்தம் கேக்குது கண்ணு, பேச்சுத்தான் புரியறதில்லே" என்பார். இரைச்சலில் கெட்ட காது அப்படித்தான். மெல்லிய உச்ச ஒலிகள் முதலில் போகின்றன. குரல் வந்து சேரும். சொற்கள் வந்து சேரா. அத்தை கொலுசு போட்டுக்கொண்டு நடந்தால் அவருக்குத் தெரியாது. வீட்டில் எல்லோரும் அவரிடம் கத்திப் பேசினார்கள். கத்திப் பேசிப் பேசி, அவரிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். முப்பது வருஷத்தில் ஒரு ஜோடி அடைப்பானை அவர் கையில் யாரும் வைக்கவில்லை. அந்த இரைச்சல் என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் இருந்தார்கள். தெரியாதவர்தான் உள்ளே நின்றார்.

பெங்களூர்க் கச்சேரியில் நிற்கிறவன் தானாகத் தேடிப் போனவன். மாமா சோற்றுக்காகப் போனவர். இவர்கள் இருவரையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒருவரைப் பார்க்கலாம். கல்யாண மண்டபத்தில், மேடையின் பெட்டி போன்ற ஒலிபெருக்கிக்கு எதிரே, அம்மாவின் இடுப்பில் இருக்கும் கைக்குழந்தை. அது தேடியும் போகவில்லை, சோற்றுக்கும் போகவில்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்த விதி தூக்கத்தைக் காப்பாற்றும். மாலை 7 மணிக்கு எதிரே இருக்கும் காதைக் காப்பாற்றாது. நாம் பாட வைப்பதெல்லாம் இனிய பாட்டுத்தான், மங்கலமான பாட்டுத்தான். ஆனால் டெசிபலுக்கு மங்கலம் அமங்கலம் தெரியாது. சாவைப் பாடுகிற சங்கீதத்தின் ரசிகன் பக்கத்தில் நிற்கிறவனுக்கும் அடைப்பான் கொண்டுபோகிறான். கல்யாணம் நடத்துகிற நாம் குழந்தையின் காதைப் பார்ப்பதில்லை. அந்தச் சங்கீதத்தின் ரசிகர்கள் எல்லோரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. அவர்களிலும் அசட்டையானவர்கள் ஏராளமாக இருப்பார்கள். ஆனால் பாடுகிற பொருள் மென்மையாக இருந்தால் கொடுக்கிற கையும் மென்மையாக இருக்கும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோமே, அது ஒன்றும் நிச்சயமில்லை.

மண்டப வாசலில் சந்தனக் கிண்ணமும் கல்கண்டுத் தட்டும் பன்னீர்ச் செம்பும் வைக்கிறோம். வருகிறவரின் நெற்றியையும் நாக்கையும் மூக்கையும் நினைத்துச் செய்கிற உபசாரங்கள் அவை. அவற்றுக்குப் பக்கத்தில் காதை நினைத்தும் ஒரு சின்னத் தட்டு வைக்கலாம். உள்ளே மேடையில் குமிழ் பிடித்திருக்கிறவரிடம் போய், 'கொஞ்சம் குறையுங்கள், குழந்தைகள் இருக்கிறார்கள்' என்று சொல்லவும் சொல்லலாம். தட்டைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஐந்தாவது ஆள் கைக்குழந்தையோடு வருவாள்.